நியூட்ரல் அறுந்தால் வீட்டில் என்ன நடக்கும்?

நெய்வேலியிலோ கூடங்குளத்திலோ உற்பத்தியாகும் மின்சாரம் 400, 230 கிலோவோல்ட் கோபுரக் கம்பிகளில் மாவட்டம் மாவட்டமாகத் தாண்டி, துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் 11 கிலோவோல்ட்டாகத் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. வழி நெடுக, கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலேயும் லைனைத் துண்டிக்கும் பிரேக்கரும் காவல் இருக்கின்றன. அந்தக் காவல் மெலிந்து போவது டிரான்ஸ்பார்மரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் கடைசி சில நூறு மீட்டரில்தான். அங்கே நான் அதிகம் பயப்படுவது, கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் அறுவதற்கு.

டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் கொண்டு வரும் மூன்று பேஸ் கம்பி, ஒரு நியூட்ரல் கிளம்புகின்றன. உங்கள் வீடு ஒரு பேஸில், எதிர் வீடு இன்னொரு பேஸில், நியூட்ரல் மட்டும் பொது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். கம்பத்தில் ஜாயின்ட் அரித்தோ, மரக்கிளை விழுந்தோ அந்த நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு வீடும் சேர்ந்து அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். எதிர் வீட்டில் 1500 வாட் ஹீட்டர் ஓடுகிறது, உங்கள் வீட்டில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் எரிகிறது என்றால், உங்கள் பல்புக்கு 375 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். லோடு குறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் அடி. டிவி, பிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போவது இப்படித்தான். மூன்று பேஸ் வாங்கியிருக்கும் வீடுகளில், மீட்டர் போர்டில் நியூட்ரல் ஸ்குரூ லூஸானாலே போதும், வீட்டுக்குள்ளேயே இது நடக்கும்.

ஃபேன் திடீரென்று வேகமெடுத்தால், ஒரு அறை லைட் பளீரென்று எரிந்து இன்னொரு அறையில் மங்கினால், காரணம் யோசிக்காமல் முதலில் மெயினை இறக்குங்கள். "டிரிப்பர் போட்டிருக்கேனே சார்" என்பார்கள். டிரிப்பர்களில் எம்சிபி அதிக கரண்டைப் பார்க்கும், ஆர்சிசிபி கரண்ட் கசிவைப் பார்க்கும், வோல்ட்டேஜை இரண்டுமே பார்க்காது. அதற்கு ஓவர் வோல்ட்டேஜ் புரொடெக்டர் தனியாகப் போட வேண்டும்.

ஒற்றை பேஸ் வீட்டில், சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் மட்டும் அறுந்தால் கரண்ட் போன மாதிரி இருக்கும், ஆனால் டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும். இந்த நேரத்தில்தான் யாராவது வந்து, எர்த் ஒயரை நியூட்ரலுக்குப் பதிலாகக் கொடுத்து லைட்டை எரிய வைத்துவிடுகிறார்கள், ஆர்சிசிபி ட்ரிப் ஆனால் அதையும் பைபாஸ் பண்ணிவிட்டு. தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது எர்த் குழி அந்தக் கரண்டை வாங்காது. எர்த் ஒயரிலேயே வோல்ட்டேஜ் ஏறி நிற்கும், அது போய்ச் சேருவது கிரைண்டர், வாஷிங் மெஷின், பிரிட்ஜ் பாடியில். ஈரக் கையோடு தொடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இரண்டு மணி நேரம் இருட்டில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் போன் செய்து, "நியூட்ரல் கட் ஆன மாதிரி இருக்கு" என்றே சொல்லுங்கள், வெறுமனே கரண்ட் இல்லை என்று சொல்லாதீர்கள். லைன்மேன் சரிசெய்த பிறகும் உடனே மெயினைப் போடாமல், எலக்ட்ரீஷியனை வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, 230-ஐ ஒட்டி நிலையாக நிற்கிறதா என்று தெரிந்துகொண்டு, அப்புறம் ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள்.