மேசைமேல் ஒரு லோட் ஷெடிங்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுப் பின்புறம் 2,500 லிட்டர் ஜோஜோ தண்ணீர் டாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியில், ஒலி அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார். அதன் கம்பி ஈஎஸ்பி32 சிப் உள்ள சின்ன போர்டுக்குப் போகிறது. போர்டுக்கு வீட்டு பிளக்கிலிருந்துதான் மின்சாரம், பேட்டரி கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து வைஃபை வழியாக அனுப்பும். அதன் மென்பொருளில் ஒரு வரி மாற்றினால், சரிபார்க்க ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை. அதே கருவியை மடிக்கணினிக்குள் போலியாக ஓட்டலாம். ஆனால் கருவி படும் பாட்டையும் சேர்த்துப் போலி செய்யாவிட்டால் சோதனை எல்லாம் 'பாஸ்' என்று வரும், டாங்கி மட்டும் வாய் திறக்காது.

சுலபமான பகுதியிலிருந்து தொடங்கலாம். சென்சாரைப் படிக்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, கணினியில் ஓடும்போது அது ஒரு ஃபைலிலிருந்து எண்களை எடுக்கும்படி செய்துவிடுங்கள். அந்த ஃபைலில் அழகான எண்கள் மட்டும் இருந்தால் பயனில்லை. ஒலி போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோ விநாடி ஆகும். நீர் புகாத மலிவு சென்சார்களுக்குச் சுமார் 20 செ.மீ.க்கு உள்ளே கண் தெரியாது. டாங்கி நிரம்பி வழியும்போதுதான் அவை உளறும். வெப்பமும் கணக்கைக் கெடுக்கும்: ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் 352. இதைத் திருத்தாவிட்டால், வெயில் நேரத்தில் 2 மீட்டர் ஆழத்தில் 5 செ.மீ. பிழை வரும். எதிரொலியே வராத அளவு, பூஜ்யம், திடீர்த் தாவல் எல்லாவற்றையும் ஃபைலில் கலந்து வையுங்கள்.

நேரத்தையும் போலி செய்ய வேண்டும். மில்லி விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவியில், 49 நாள் 17 மணி நேரம் ஆனதும் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 'இப்போதைய நேரம் இலக்கைத் தாண்டியதா' என்று நேரடியாக ஒப்பிட்டிருந்தால் கணக்கு அங்கே குழம்பும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துப் பார்ப்பதே சரி. ஏறக்குறைய தினமும் மின்சாரம் போன 2023-ல் இந்தப் பிழை வெளியே தெரிந்திருக்காது. 49 நாள் தொடர்ந்து விழித்திருக்க எந்தக் கருவிக்குக் கொடுத்துவைத்திருந்தது? 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரம் வெட்டுவது, நின்றபின்தான் இப்படிப்பட்டவற்றுக்குக் காலம் வந்தது. போலிக் கடிகாரத்தை அந்த எல்லைக்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கி வைத்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

அடுத்த படி, போர்டில் ஏற்றும் அதே ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருளை) எமுலேட்டரில், அதாவது சிப்பைப் போல நடிக்கும் புரோகிராமில், ஓட்டுவது. ஈஎஸ்பி32 தயாரிப்பாளரான எஸ்பிரெசிஃப் இதற்கென்று க்யூஎம்யூ என்ற எமுலேட்டரின் தன் பதிப்பை வைத்திருக்கிறது. பிழை தேடும் டீபக்கரை மாட்டி எந்த வரியிலும் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் வைஃபை ரேடியோ அதில் இல்லை. போலி ஈதர்நெட் கார்டுதான் உண்டு. ஆகவே வைஃபையோடு இணையும் பகுதியைச் சோதித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

இனி நெட்வொர்க். கருவிகள் செய்தி அனுப்பும் முறை எம்க்யூடிடி; அந்தச் செய்திகளை வாங்கிப் பகிர்வது புரோக்கர். மடிக்கணினியிலேயே மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கரை நிறுவலாம். சாதா இணைப்புக்கு 1883, குறியாக்கத்துக்கு 8883 போர்ட். மேசைமேல் தகவல் நொடியில் பறக்கும். வீட்டு வைஃபை மொபைல் டவரை நம்பியிருந்தால், காவடி நாளில் கோயிலைச் சுற்றி ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது அப்படிப் பறக்காது. லினக்ஸின் நெட்எம் கருவியால் 300 மில்லி விநாடித் தாமதமும் 5% பாக்கெட் (தகவல் துண்டு) இழப்பும் புகுத்திப் பாருங்கள். கணினி தன்னோடு தானே பேசும் உள்வட்ட (லூப்பேக்) இணைப்பில் இதைப் போட்டால் போகும் வழி, வரும் வழி இரண்டிலும் தாமதம் சேர்ந்து 600 ஆகிவிடும்.

பலர் வழுக்கி விழும் இடம் மின்வெட்டு. போலிக் கருவியை கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவார்கள், அந்த நொடியே புரோக்கர் 'கருவி போய்விட்டது' என்று அறிவிக்கும், சோதனை வெற்றி! உண்மையில் நடந்தது வேறு: புரோகிராம் செத்தாலும் கணினி உயிரோடு இருக்கிறது, இணைப்பை முறைப்படி மூடி புரோக்கருக்குச் சொல்லிவிட்டது. மின்சாரம் போன கருவிக்கு அப்படி விடைபெற ஆள் இல்லை. 'உயிரோடு இருக்கிறேன்' என்று கருவி சொல்ல வேண்டிய இடைவெளி (கீப்-அலைவ்) 60 விநாடி என்றால், புரோக்கர் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி காத்திருந்துதான் கருவி கைவிட்டது என்று முடிவுகட்டும். அதுவரை திரையில் 'ஆன்லைன்' என்றே இருக்கும். ஆகவே முதலில் ஃபயர்வாலில் இரு பக்கத்துப் பாக்கெட்டுகளையும் சத்தமில்லாமல் விழுங்க வையுங்கள். பிறகு புரோகிராமைக் கொல்லுங்கள்.

மின்சாரம் திரும்பும் நேரம் இன்னும் மோசம். 200 போலிக் கருவிகளை ஒரே ஸ்கிரிப்டில் எழுப்பிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கிளையண்ட் ஐடி (கருவியின் அடையாளப் பெயர்) கொடுத்துவிட்டால், புதியது வந்ததும் புரோக்கர் பழையதை வெளியே தள்ளும், அது திரும்பி வந்து புதியதைத் தள்ளும், சண்டை ஓயாது. ஐடி சரியாக இருந்தாலும் 200-ம் ஒரே நொடியில் கதவைத் தட்டும். 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை வளர்த்து, 60-ல் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தற்செயலாக எடுத்த ஒரு சிறு எண்ணைக் கலந்தால் கூட்டம் கலையும்.

மின்சாரமே அற்றுப்போய்த் திரும்பிய ஈஎஸ்பி32-ன் கடிகாரம் 1970 ஜனவரி 1 காட்டும். குறியாக்க இணைப்பில் புரோக்கர் காட்டும் சான்றிதழின் தேதியைச் சரிபார்க்கும் ஃபர்ம்வேர், 'இது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று இணைய மறுக்கும். இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபியிலிருந்து நேரம் வாங்கிய பிறகே 8883-ஐத் தொட வேண்டும். போலிக் கருவி மடிக்கணினியின் சரியான கடிகாரத்தைக் கடன் வாங்குவதால் இந்தக் கோளாறு மேசையில் தானாகத் தலைகாட்டாது. 1970-ஐ நீங்களே புகுத்த வேண்டும்.

வைஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியருக்குத் துள்ளும். மெலிந்த கம்பியோ மட்டமான அடாப்டரோ இருந்தால் மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகும். இதை எந்த எமுலேட்டரும் காட்டாது. அதற்காக நிஜ போர்டு ஒன்றை, கணினி சொன்னபடி மின்சாரத்தை வெட்டிச் சேர்க்கும் ரிலே பிளக்கில் மாட்டி மேசை ஓரத்தில் வையுங்கள். சில தடவை இரண்டு மணி நேரம் வெட்டுங்கள், பல தடவை அரை விநாடி மட்டும் வெட்டுங்கள். கெபாசிட்டர் பாதி வடிந்த நிலையில் எழும் போர்டுதான் அதிகம் அடம் பிடிக்கும்.