செஜெப்: சொல்லும் பொருளும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போகுமுன் மாணவர்கள் படிக்கும் கல்லூரிதான் செஜெப். பக்கத்து ஒன்ராறியோ மாகாணத்தின் டொராண்டோவில் இருக்கும் உறவினர்கள், கியூபெக்கின் மொன்றியால் நகரப் பிள்ளைகளிடம் “பன்னிரண்டாம் வகுப்பு எங்கே?” என்று கேட்பதுண்டு. கணக்கு எளிது. ஒன்ராறியோவில் பள்ளி 12 ஆண்டு, இளநிலைப் பட்டம் பொதுவாக 4 ஆண்டு. கியூபெக்கில் பள்ளி 11, செஜெப் 2, பட்டம் 3. இரண்டும் 16தான்.

‘செஜெப்’ (CEGEP) என்பது ஒரு பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து உருவான சொல். ‘கொலேஜ் தான்சேஞ்மான் ஜெனெரால் எ ப்ரொஃபெசியொனெல்’ என்பது முழுப்பெயர். பொதுக் கல்வியும் தொழிற்கல்வியும் தரும் கல்லூரி என்று பொருள். இன்று அங்கே யாரும் இதைச் சுருக்கப்பெயராக நினைப்பதில்லை. தனிச்சொல்லாகவே வேரூன்றி, அதில் படிப்பவரைக் குறிக்கும் ‘செஜெப்பியன்’ என்ற சொல்லையும் ஈன்றுவிட்டது.

பெயரில் இருக்கும் ‘பொது’, ‘தொழில்’ என்ற இரண்டு சொற்களில்தான் இதன் வரலாறே அடங்கியிருக்கிறது. 1960களுக்கு முன் பிரெஞ்சு மொழி பேசுவோர் பல்கலைக்கழகம் போக முதன்மையான வழி, கத்தோலிக்கத் திருச்சபையின் செவ்வியல் கல்லூரிகள். எட்டாண்டுப் படிப்பு, கட்டணம் வேறு. தொழில் கற்க விரும்பியவருக்குத் தனிப் பள்ளிகள். ‘அமைதிப் புரட்சி’ எனப்படும் மாற்றக் காலத்தில், அல்போன்ஸ்-மரி பாரான் என்பவர் தலைமையிலான கல்வி ஆணையம் இந்தப் பிளவை அகற்றச் சொன்னது. தத்துவம் படிப்பவரும் இயந்திரம் பழுதுபார்க்கக் கற்பவரும் ஒரே கூரையின் கீழ் அமர வேண்டும் என்பது அதன் எண்ணம். 1967 ஜூனில் சட்டம் வந்தது. அதே செப்டம்பரில் முதல் 12 கல்லூரிகள் திறந்தன. இன்று அரசு செஜெப்புகள் 48. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பிரிவு இரண்டாண்டு, தொழில்நுட்பப் பிரிவு மூன்றாண்டு. செவிலியம் படிப்பவரும் மொழி, தத்துவம் அல்லது மனிதப் பண்பியல் (humanities) பாடங்கள், உடற்கல்வி ஆகியவற்றைப் படித்தே ஆக வேண்டும். இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். முழுநேரம் படிக்கும் கியூபெக் வாசிகளுக்குப் படிப்புக் கட்டணமும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘புகுமுக வகுப்பு’ என்று சிலருக்குத் தோன்றலாம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை கல்லூரிகளில் நடந்த ஓராண்டுப் படிப்பு அது. பல்கலைக்கழகத்துக்குள் புகுவதற்கு மட்டுமே உரியது. சிங்கப்பூர்த் தமிழர் வழங்கும் ‘தொடக்கக் கல்லூரி’ அழகான சொல்தான். ஆனால் அங்கே தொழிற்கல்விக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி தனியாக இருக்கிறது. இந்த இரண்டு சொற்களில் எதைப் போட்டாலும் தொழில்நுட்ப மாணவர் கணக்கில் வராமல் போகிறார். அவரையும் சேர்த்துக்கொள்ளத்தானே இந்தக் கல்லூரியே பிறந்தது!

ஆகவே ‘பொது, தொழிற்கல்விக் கல்லூரி’ என்பதே சரியான தமிழ். கட்டுரையில் முதல் முறை அதை எழுதிவிட்டு, பிறகு ‘செஜெப்’ என்றே தொடரலாம். மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே கிடைக்கும் சான்றைப் ‘பட்டம்’ என்று எழுதக் கூடாது. அது பல்கலைக்கழகம் தருவது. செஜெப் தருவது ‘கல்லூரிப் பட்டயம்’.