எத்தனை லிட்டர் கைக்காவல்?

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பை ஒட்டிய கடலடியில், 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றில் 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 'ஹெர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 53 மீட்டரில் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே கடலில் மூழ்கியவை. ஆனால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இவற்றைப் பார்க்கப் போகிறவர், "சுவாசிக்கும் காற்று நடுவில் நின்றுபோனால் எதை வைத்துப் பிழைப்பேன்?" என்று கேட்டால், இரண்டு கப்பலுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மாற்றுக் காற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "எந்தச் சாதனம் வாங்கலாம்?" என்றே தொடங்குகிறது. "எத்தனை லிட்டர் வேண்டும்?" என்றுதான் அது தொடங்க வேண்டும்.

முதலில், காற்று வாய்க்கு வரும் வழியைப் பார்த்துவிடுவோம். சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. நாம் தரையில் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் 1 பார். சிலிண்டரின் கழுத்தில் பொருத்தப்படும் ரெகுலேட்டரின் முதல் நிலை, அந்த 200 பாரைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடப் பத்து பார் அளவுக்கே கூடுதலாக இருக்கும்படி இறக்கிவிடுகிறது. குழாயின் மறுமுனையில், வாயில் கவ்வும் பகுதிதான் இரண்டாம் நிலை. அதனுள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கிறது. மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்குகிறது, அது ஒரு நெம்புகோலை அழுத்துகிறது, அடைப்பிதழ் திறக்கிறது, காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்கிறது.

வரும் காற்று, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே வருகிறது. அப்படி வராவிட்டால் நீர் அழுத்தும் மார்பை விரித்து நம்மால் மூச்சு இழுக்க முடியாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. எனவே 24 மீட்டரில் அழுத்தம் 3.4 பார். அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல 3.4 மடங்கு காற்றைச் சிலிண்டரிலிருந்து எடுத்துவிடுகிறது. 53 மீட்டரில் 6.3 மடங்கு.

இந்த ஏற்பாட்டில் எது கெட்டுப்போகும்? ரெகுலேட்டரின் அடைப்பிதழைக் காற்றோட்டத்தின் போக்கிலேயே திறக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் பழுதானால் பெரும்பாலும் அது மூடிக்கொள்ளாமல் திறந்தே நின்றுவிடும்; காற்று கொட்டத் தொடங்கும். கொட்டும் காற்றைச் சுவாசித்துக்கொண்டே மேலேறலாம், ஆனால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். இரண்டாம் நிலைக்குப் போகும் குழாய் வெடித்தாலும் அதே கதைதான். அழுத்தமானிக்குப் போகும் உயர் அழுத்தக் குழாய் வெடித்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதன் வாயில் ஊசித்துளை அளவே வழி இருப்பதால் காற்று மெதுவாகத்தான் போகும்.

ஆனால் கருவிப் பழுதைவிடப் பெரிய எதிரி வேறு. முக்குளிப்போரின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1992 முதல் 2003 வரையிலான 947 ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்து முக்குளிப்பது) மரணங்களை ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விபத்தைத் தொடங்கிவைத்த காரணம் தெரிந்த மரணங்களில் 41 சதவீதத்தில் அந்தக் காரணம் காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம் மட்டுமே. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அழுத்தமானியை இன்னும் இரண்டு முறை பார்த்திருந்தால் பலர் கரை சேர்ந்திருப்பார்கள்.

ஜாக் கூஸ்தோவும் எமீல் கான்யானும் 1943இல் இன்றைய ஸ்கூபாவின் முன்னோடியை உருவாக்கிய பிறகு, பல ஆண்டுகள் முக்குளிப்போரிடம் அழுத்தமானியே பரவலாக இல்லை. அப்போது கைக்காவலாக இருந்தது ஜே வால்வு. சிலிண்டரில் 20 பார் அளவுக்குக் காற்று மிஞ்சும்போது, சுருள்வில் ஒன்று வழியை அடைக்கத் தொடங்கும். மூச்சு இழுக்கச் சிரமமானதும் முதுகுப்பக்கத்து இரும்புக் கம்பியை இழுத்துவிட்டால் மிச்சக் காற்று கிடைக்கும். அருமையான யோசனைதான். ஆனால் அந்தக் கம்பி எதிலாவது தட்டி முன்பே இறங்கியிருந்தால், முக்குளிப்பவர் சேமிப்பு தீர்ந்த பிறகே கையை நீட்டுவார். கம்பி ஏற்கெனவே கீழே இருக்கும். அழுத்தமானி வந்ததும் ஜே வால்வு வழக்கொழிந்தது.

இன்று எல்லாருடைய ரெகுலேட்டரிலும் 'ஆக்டோபஸ்' தொங்குகிறது. மஞ்சள் குழாயில் இருக்கும் கூடுதல் இரண்டாம் நிலை அது. கூட்டாளிக்குக் காற்று தீர்ந்தால் அதை அவரிடம் நீட்டுவோம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இதையே மாற்றுக் காற்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஆக்டோபஸ் கூடுதல் வாய் மட்டுமே; அதில் ஒரு லிட்டர் காற்றுகூட இல்லை. அதே முதல் நிலையிலிருந்து, அதே சிலிண்டரிலிருந்துதான் அது உறிஞ்சுகிறது. என் முதல் நிலை பழுதானால் என் ஆக்டோபஸ் எனக்கு உதவாது. என் கைக்காவல் கூட்டாளியின் முதுகில் இருக்கிறது. அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா, அவருடைய சிலிண்டரில் இருவருக்குப் போதுமான காற்று இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

எவ்வளவு இருந்தால் போதும்? பிரிட்டிஷ் சார்ஜென்ட்டின் அடித்தளத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அமைதியாக நீந்தும் ஒருவர் கடல்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்றைப் பயன்படுத்துவார். ஆனால் காற்று நின்ற மனிதர் அமைதியாக இருக்க மாட்டார். மூச்சு தடைபட்ட அந்தச் சில நொடிகளில் இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. மூச்சுத் தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அதுதான். காற்று கிடைத்ததும் வேகவேகமாக இழுப்பார். எனவே 30 லிட்டர் என்று வைப்பதே நேர்மையான கணக்கு.

நடந்ததைப் புரிந்துகொண்டு, மாற்று வாயைக் கவ்வி, கூட்டாளியிடம் சைகை காட்ட ஒரு நிமிடம் போகும். 24 மீட்டரில் அதற்கு 30ஐ 3.4ஆல் பெருக்க 102 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம்வரை ஏற இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சராசரி அழுத்தத்தைக் கொண்டு கணக்கிட்டால் 155 லிட்டர். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே காத்திருக்கும் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 135. கடைசி ஐந்து மீட்டருக்கு 21. மொத்தம் சுமார் 410 லிட்டர். பாதுகாப்பு நிறுத்தத்தைக் கைவிட்டு நேராக ஏறினால் 280 லிட்டர் போதும்.

கூட்டாளியின் சிலிண்டரிலிருந்து இருவர் சுவாசிக்கும்போது இது இரட்டிப்பாகி 820 லிட்டர் ஆகிறது. வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர்; அதாவது ஒவ்வொரு பாருக்கும் 11.1 லிட்டர் காற்று. 820ஐ 11.1ஆல் வகுத்தால் 74 பார். "50 பாரோடு மேலே வந்துவிடு" என்று படகில் சொல்வார்கள். 50 பார் என்பது 555 லிட்டர்தான். படகுக்குத் திரும்பிவரும்போது கையில் 50 பார் மிஞ்ச வேண்டும் என்ற பொருளில் அது நல்ல விதி. 24 மீட்டர் ஆழத்தில் 50 பார் வரும்வரை சுற்றலாம் என்று எடுத்துக்கொண்டால், இருவர் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

கூட்டாளியை மட்டும் நம்பியிருக்க விரும்பாதவர்களுக்கும், தனியாகப் படம் எடுத்துக்கொண்டு பின்தங்குபவர்களுக்கும் சொந்தமாக ஒரு சேமிப்பு தேவை. கடையில் கண்ணைக் கவர்வது 'ஸ்பேர் ஏர்'. தண்ணீர் பாட்டிலைப் போலக் கைக்கு அடக்கமானது. அதன் தலையிலேயே வாய்ப்பகுதி இருக்கிறது. பெரிய வகையில் 85 லிட்டர் காற்று பிடிக்கும். நம் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 24 மீட்டரில் 85 லிட்டர் 50 நொடிகளுக்கு வரும். ஒரு நொடியும் தாமதிக்காமல், நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் ஏறினால்கூட 88 லிட்டர் தேவை. பதற்றமே இல்லாதவர் அதை வைத்து மேலே வந்துவிடலாம். ஆனால் பதற்றமே இல்லாத ஒருவரை மனத்தில் வைத்து அவசரகாலக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இதனால் அது உதவாத பொருள் என்று ஆகிவிடாது. கடலில் விழுந்து கவிழ்ந்த ஹெலிகாப்டருக்குள் சிக்கிய விமானியை எண்ணிப் பாருங்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.3 பார்தான். அதே 85 லிட்டர் அங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் வரும். பட்டையை அவிழ்த்துக் கதவைத் தேடி வெளியேற அது போதுமான நேரம். இத்தகைய சிறு குப்பிகளை ஹெலிகாப்டர் குழுவினர் உடலோடு கட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

பிரிட்டிஷ் சார்ஜென்ட்டுக்கு என் தேர்வு போனி சிலிண்டர். சிறிய சிலிண்டர், தனக்கென்று தனி முதல் நிலை, தனி இரண்டாம் நிலை, தனி அழுத்தமானி. பிரதான சிலிண்டரில் எது கெட்டாலும் இது தொடர்பே இல்லாமல் நிற்கும். 13 கன அடி வகையில் சுமார் 370 லிட்டர் பிடிக்கும். நேராக ஏற அது போதும், பாதுகாப்பு நிறுத்தத்துக்குப் போதாது. 19 கன அடி வகையில் 540 லிட்டர். 3 லிட்டர் கொள்ளளவுள்ளதை 200 பாருக்கு நிரப்பினால் 600. நமக்குத் தேவை 410 என்பதால் பின்னிரண்டில் எதுவும் சரி. இறங்கும் முன் அதன் மானியைப் பார்க்காவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

போனியில் ஓர் ஆபத்து உண்டு. அவசரத்தில் தவறான வாயைக் கவ்விக்கொண்டு, போனியிலிருந்தே சுவாசித்தபடி இறங்கிவிடுகிறார்கள். பிரதான மானியில் முள் நகரவே இல்லையே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது காற்று நிற்கும். அதனால் இரண்டு வாய்ப்பகுதிகளும் தடவிப் பார்த்தாலே வேறுபட வேண்டும். சிலிண்டரை முதுகில் கட்டாமல் இடப்பக்கம் மார்போரமாகத் தொங்கவிடுவதையே நான் விரும்புகிறேன். வால்வும் மானியும் கண்முன் இருக்கும், தேவைப்படும் கூட்டாளிக்குக் கழற்றிக் கொடுத்துவிடவும் முடியும். போனியின் காற்றைப் பயணத் திட்டத்தில் சேர்த்து, கூடுதலாகச் சில நிமிடம் சுற்றுகிறவரிடம் போனி இல்லை. இரண்டு பிரதான சிலிண்டர்கள் இருக்கின்றன.

எந்தச் சாதனமானாலும் ஏறும்போது மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் உள்ள காற்று இரட்டிப்பாக விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். காற்று தீர்ந்த ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிடவும் வேண்டாம். மேலேறும்போது சுற்றழுத்தம் குறைவதால், 'காலியான' சிலிண்டர்கூட ஓரிரு மூச்சைத் தரும்.

ஹெர்மீஸுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் போதாது. 53 மீட்டரில் முதல் நிமிடத்துக்கே 189 லிட்டர். 6 மீட்டர் ஆழம்வரை ஏற இன்னும் 600க்கு மேல். இருவருக்கு 1,600 லிட்டர். நிரம்பிய அலுமினிய சிலிண்டர் ஒன்றிலேயே 2,200 சொச்சம்தான் இருக்கிறது. அதோடு, திசுக்களில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஏறும் வழியில் நிறுத்தங்கள் கட்டாயம். நேராக மேலே ஓடி வரும் வழியே அடைபட்டுவிடுகிறது. எனவே அங்கே போகிறவர்கள் எடுத்துச்செல்வது இணைப்புக் குழலால் பிணைத்த இரட்டைச் சிலிண்டர்கள், இரண்டு முதல் நிலைகள், நடுவில் இரண்டையும் பிரித்து மூடும் வால்வு. ஒரு பக்கம் காற்று கொட்டினால் தலைக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பக்கத்தை மூடுவார்கள். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் வளர்ந்த பழக்கப்படி, கூட்டாளிக்கு வாயில் இருப்பதையே இரண்டு மீட்டர் நீளக் குழாயோடு எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் அது வேலை செய்கிறது என்பது உறுதி. தனக்குக் கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்கும் மற்றொன்று.

நிறுத்தங்களுக்காக அவர்கள் பக்கவாட்டில் இன்னொரு சிலிண்டரையும் சுமக்கிறார்கள். அதில் 50 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜனை வேகமாக வெளியேற்ற உதவும். 21 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் அதைச் சுவாசிக்கக் கூடாது. 53 மீட்டரில் பதறிப்போய் அதைக் கவ்வினால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரும், வலிப்பில் வாய்ப்பகுதி நழுவும். அதனால் அந்தச் சிலிண்டரின் மேல் '21' என்று பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கிறார்கள். ஏறும் வழியில் 21 மீட்டர் வந்ததும், வாயில் வைப்பதற்கு முன் கூட்டாளி அந்த எண்ணைப் படித்து, ஆழமானியைப் பார்த்து, குழாயைத் தடவி எந்தச் சிலிண்டரிலிருந்து வருகிறது என்று உறுதிசெய்துகொண்டு, சரி என்று சைகை காட்டுவார்.