மூன்றாவது ஜுரம்

குடியாத்தத்திலிருந்து வந்திருந்தார்கள். எட்டு மாதப் பெண் குழந்தை. இரண்டு நாளாக 102 டிகிரி ஜுரம். சளி இல்லை, இருமல் இல்லை.

"பல்லு முளைக்குது டாக்டர், அந்த ஜுரம்தான்" என்றார் பாட்டி.

"இதுக்கு முன்னாடி வந்திருக்காம்மா?"

"ரெண்டு தடவை. மெடிக்கல்ல சிரப் வாங்கி ஊத்தினோம், மூணு நாள்ல நின்னுடுச்சு."

வாயைத் திறந்து பார்த்தேன். மூன்று ஜுரத்துக்கும் சேர்த்து ஒரு பல்கூட வெளியே வரவில்லை.

எனக்குச் சந்தேகம் சிறுநீர்த் தொற்று. நீர்க்கடுப்பு என்று சொல்லத் தெரியாத வயது. காரணம் தெரியாத ஜுரம், பால் குடிக்க மறுப்பது, வாந்தி, விடாத சிணுங்கல், இவ்வளவுதான் அடையாளம். பல நேரம் ஜுரம் மட்டும்தான் இருக்கும். அதனால் இந்த வயதில் காரணம் பிடிபடாத ஜுரம் என்றால் சிறுநீரைப் பார்த்தே ஆக வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன்பு. ஒரு வேளை மருந்து போய்விட்டாலே கல்ச்சரில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகலாம். அந்தக் குழந்தைக்கு முதல் இரண்டு தடவை என்ன வந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

சிறுநீர் பிடிப்பதே ஒரு வேலை. ஒட்டும் பை வைத்துப் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்துவிடும். அந்தக் கல்ச்சரை நம்பி வைத்தியம் செய்ய முடியாது. நன்றாகக் கழுவி, பால் கொடுத்து, தொப்புளுக்குக் கீழே ஈரமான குளிர்ந்த துணியால் மெல்லத் தேய்த்தால் பல குழந்தைகள் சில நிமிடத்தில் போய்விடும். சுத்தமான பாட்டிலோடு காத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் நாங்கள் மெல்லிய குழாய் வைத்து எடுப்போம். கத்திரி வெயிலில் அந்த பாட்டிலைப் பையில் போட்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுவராதீர்கள். வழியிலேயே கிருமி பெருகிவிடும்.

வெயில் என்றதும் நம் ஊரில் எல்லாவற்றையும் 'சூடு' கணக்கில் எழுதிவிடுவோம். கிருமி வெயிலிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் குழந்தையின் சொந்த மலத்தில் இருக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியாதான். ஆகவே முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, மலம் போனதும் டயபரை மாற்றுவது, இரண்டும் முக்கியம். ஆறு மாதம் வரை வெயில் காலத்திலும் தாய்ப்பால் போதும், அடிக்கடி கொடுங்கள். அதற்கு மேல் தண்ணீரும் சேரட்டும். திட உணவு ஆரம்பித்ததும் மலச்சிக்கல் வந்தால் அலட்சியம் வேண்டாம். மலம் கட்டி அடைத்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது, தேங்கிய நீரில் தொற்று திரும்பி வரும்.

ஆண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவி முன்தோலைப் பின்னுக்குத் தள்ளுவதை நிறுத்துங்கள். அது தானாகப் பிரிய வருடங்கள் ஆகும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் கிழிந்து தழும்பாகும். நீர் வில்லாகப் பாயாமல் சொட்டுச் சொட்டாகப் போனால் உடனே காட்டுங்கள். உள்ளே வால்வு போன்ற அடைப்பு இருக்கலாம்.

அந்தப் பெண் குழந்தையின் கல்ச்சரிலும் ஈ.கோலிதான். அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கித் தெரிந்தது. பிறகு எடுத்த எம்சியூவில், அதாவது சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி, சிறுநீர் போகும்போது எடுக்கும் எக்ஸ்ரேயில், காரணம் தெரிந்தது: சிறுநீர்ப்பையில் இருக்கும் நீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுகிறது. ஜுரத்தோடு சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கும். லேசானது பலருக்கு வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு தொற்றும் சிறுநீரகத்தில் தழும்பு விடக்கூடும். பின்னாளில் ரத்த அழுத்தம்கூட வரலாம்.

'கிட்னி' என்றதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நாட்டிலேயே முதன்முதலில் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது இந்த வேலூரில்தான். இங்கே அந்த வார்த்தையைக் கேட்டாலே டயாலிசிஸ்தான் நினைவுக்கு வரும். நாம் அங்கே போகவே வேண்டாம் என்றுதான் இந்தச் சோதனைகள் என்று விளக்கினேன். தொற்று திரும்பி வராமல் தடுக்க, இரவில் ஒரு வேளை, சிறிய அளவில் ஆன்டிபயாடிக் எழுதினேன். ஜுரம் இல்லையே என்று இதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நடுவில் கைவிட்டுத் தொற்றோடு திரும்பி வருபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் ஜுரம். பாட்டி ஐஸ் சுற்றிய துணிக்குள் பாட்டிலோடு வந்தார்.

"நேத்து ராத்திரி ஆரம்பிச்சுது. ராத்திரி மருந்தைத் தவிர வேற எதுவும் ஊத்தலை டாக்டர்."

சிறுநீரில் ஒன்றும் இல்லை. சாதாரணச் சளி ஜுரம். கீழே இரண்டு பல் வந்திருந்தது.