விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம்

மாலி நாட்டில் நடந்த ஆன்டிபாடி சோதனையைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். மலேரியா பருவத்தில் ஒரே ஒரு தடவை நரம்பு வழியாக ஏற்றிய ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், ஆறு மாதத்துக்குத் தொற்றைப் பெருமளவு தடுத்தது. அதிக டோஸ் பெற்ற பெரியவர்களிடம் 88 சதவீதப் பாதுகாப்பு. அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மலேரியாவும் ஒட்டுண்ணி, காலா அசாரும் ஒட்டுண்ணி. அதற்குப் போட்ட ஊசியை இதற்கும் போட்டுவிடலாமே?"

நல்ல கேள்வி. காலா அசார் என்பது மணல் ஈ கடித்துப் பரவும், மண்ணீரலை வீங்கவைக்கும் காய்ச்சல். அந்த ஊசியை இதற்குப் போட முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது என்பது நோய் எதிர்ப்பியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை.

மலேரியாவில் நடப்பது பள்ளியில் படித்ததுதான். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி தோலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, கல்லீரலைப் போய்ச் சேர்கிறது. அந்தக் கொஞ்ச நேரப் பயணத்தில் அது வெட்டவெளியில் இருக்கிறது. அதன் மேலுறைப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி முன்கூட்டியே ரத்தத்தில் காத்திருந்தால், வழியிலேயே மடக்கிவிடலாம்.

காலா அசார் நோயாளியிடம் ஆன்டிபாடிக்குப் பஞ்சமே இல்லை. ரத்தத்தில் அது வழிந்து நிற்கும். பழைய காலத்தில் இதை வைத்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீரை, சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து இரண்டொரு சொட்டு ஃபார்மலின் விடுவார்கள். இருபது நிமிடத்துக்குள் அது அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல உறைந்துவிடும். குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. அவ்வளவு ஆன்டிபாடி! இன்று பீகார் கிராமங்களில் பயன்படும் ஆர்கே39 பரிசோதனைப் பட்டையும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. இத்தனை இருந்தும், சிகிச்சை தராவிட்டால் இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இறந்துபோகிறார்கள்.

காரணம், ஒட்டுண்ணி இருக்கும் இடம். அந்த இடத்தைக் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் இருந்தவர். 1903இல் மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனவன் என்ற மருத்துவர், மண்ணீரல் வீங்கி இறந்தவர்களின் திசுவில் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்தார். அந்த ஜூன் மாதம், உயிரோடிருந்த 12 வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலும் அதே உருண்டைகள். கல்கத்தா பக்கத்து டம்டம்மில் காய்ச்சல் கண்டு இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் உடலில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மனும் இவற்றையே கண்டு, சில வாரம் முன்னால் வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து இந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டொனவானி என்று பெயரிட்டவர், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ்.

மாணவனாக இருந்தபோது அந்த உருண்டைகளை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். மாதுளையைப் பிளந்தால் முத்துகள் நெருக்கியடித்துத் தெரியுமே, அப்படி ஒரு செல்லுக்குள் அவை அடைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. புள்ளி உட்கரு. கோடு, அந்த இனத்துக்கே உரிய டிஎன்ஏ பொட்டலம். அவை குடியிருந்த செல்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. அது பெருவிழுங்கி. கிருமிகளைத் தின்பதற்கென்றே உடல் வைத்திருக்கும் காவலாளி.

மணல் ஈ கடிக்கும்போது உள்ளே வரும் ஒட்டுண்ணிக்கு நீண்ட வால் உண்டு. பெருவிழுங்கி வழக்கம்போல அதை விழுங்கி, அமிலம் நிறைந்த பைக்குள் தள்ளுகிறது. வேறு கிருமியாக இருந்தால் அங்கேயே கரைந்திருக்கும். இதுவோ வாலைச் சுருக்கி உருண்டையாகி, அந்த அமிலத்திலேயே பெருகத் தொடங்குகிறது. ஆன்டிபாடி செல்லுக்குள் நுழையாது. வெளியே எவ்வளவு குவிந்திருந்தாலும் பயனில்லை.

அப்படியானால் ஒட்டுண்ணியை அந்தப் பெருவிழுங்கியேதான் கொல்ல வேண்டும். அதனால் முடியும். எப்படி என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

பெருவிழுங்கிக்குள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நாம் சாப்பிடும் பருப்பிலும் நிலக்கடலையிலும் இருப்பதுதான். இதை ஒரு கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மடை. ஒரு மடையில் இருக்கும் நொதி, ஆர்ஜினினை நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவாக மாற்றுகிறது. சில நொடிகளே நிலைக்கும் இந்த வாயு ஒட்டுண்ணிக்கு விஷம். இன்னொரு மடையில் ஆர்ஜினேஸ் என்ற நொதி. அதே ஆர்ஜினினை இது ஆர்னித்தினாக மாற்ற, அதிலிருந்து பாலிஅமீன்கள் உண்டாகின்றன. ஒட்டுண்ணி பல்கிப் பெருகத் தேவையான சத்து அவை. ஒரே தண்ணீர், ஒரு மடையில் விஷம், மறு மடையில் சோறு! இந்த மடையில் அதிகம் பாய்ந்தால் அந்த மடைக்குக் குறையும். ஒட்டுண்ணியும் சும்மா இருப்பதில்லை. அதனிடம் சொந்தமாகவே ஓர் ஆர்ஜினேஸ் இருக்கிறது.

எந்த மடையைத் திறப்பது? அதைச் சொல்வது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். அவை இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை அனுப்பினால் விஷ மடை திறக்கும். இன்டர்லூகின்-4 அனுப்பினால் சோற்று மடை. தோல் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா வகையை ஒரே அளவில் இரண்டு எலி இனங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் இனம் புண் ஆறிப் பிழைத்தது, மற்றது செத்தது. பிழைத்த இனத்தின் டி செல்கள் முதல் சமிக்ஞையையும், செத்த இனத்தின் டி செல்கள் இரண்டாவதையும் அனுப்பிக்கொண்டிருந்தன.

மனிதரில் இது இவ்வளவு நேராக இல்லை. காலா அசார் நோயாளியிடம் இன்டர்ஃபெரான் காமா நிறையவே இருக்கிறது. கூடவே இன்டர்லூகின்-10 என்ற இன்னொரு சமிக்ஞையும் வந்து, பெருவிழுங்கி அந்தக் கட்டளையைக் கேட்கவிடாமல் செய்கிறது. நோயாளியின் மண்ணீரல் திசுவில், சோதனைக் குழாயிலேயே, இன்டர்லூகின்-10ஐத் தடுத்தால் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைவதைப் பீகார் நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள்.

இதனால்தான் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடிகளையும் கஷாயங்களையும் விற்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எந்தச் சக்தியைக் கூட்டப்போகிறீர்கள்? ஆன்டிபாடியையா, இன்டர்லூகின்-10ஐயா? அது தராசில் நிறுத்துக் கூட்டிக் குறைக்கிற சரக்கு இல்லையே. தவறான மடையைத் திறந்துவிட்டால் ஒட்டுண்ணிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

சரி, மருந்துக்கு வருவோம். 1920களில் கல்கத்தாவின் கேம்ப்பெல் மருத்துவமனையில், தண்ணீர்க் குழாயோ கேஸ் அடுப்போ இல்லாத ஒரு சின்ன அறையில், புகை கக்கும் லாந்தர் வெளிச்சத்தில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை, ஆன்டிமனி என்ற தனிமத்தைக் கொண்டு செய்தார். இந்த நோய்க்காகவே செய்த மருந்து அது. அதற்குப் பின் இந்தியாவுக்கு வந்தவற்றைப் பாருங்கள். ஆம்ஃபோடெரிசின் பூஞ்சைக்கான மருந்து. 2002இல் அனுமதி பெற்ற மில்டெஃபோசின் புற்றுநோய்க்காக உருவாக்கியது. 2006இல் வந்த பாரோமோமைசின் ஒரு பழைய ஆன்டிபயாடிக். மூன்றும் இரவல். மண்சுவர் வீட்டில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் படுத்துறங்குகிறவர்களுக்கு வரும் நோய்க்கு மருந்து தேட நிறுவனங்களுக்கு லாபம் இல்லை. பொதுப்பணம் இங்கே போகாவிட்டால் வேறு எங்கே போக வேண்டும்?

இரவல் மருந்திலும் ஓர் அழகு உண்டு. ஆம்ஃபோடெரிசினை நேராக ஏற்றினால் நடுக்கமும் காய்ச்சலும் வரும், சிறுநீரகம் கெடும். அதையே நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் பொதிந்து ஏற்றினால் என்ன ஆகிறது? அந்நியமான குமிழியைப் பார்த்ததும் பெருவிழுங்கி வழக்கம்போல விழுங்கிவிடுகிறது! ஒட்டுண்ணி எந்த வாசல் வழியாக உள்ளே போனதோ, அதே வாசல் வழியாக மருந்தும் அதன் வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. உள்ளே போனதும் ஒட்டுண்ணியின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்து ஓட்டை போடுகிறது. நம் செல் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால் என்பதால் நமக்குச் சேதம் குறைவு. முன்பு ஏறக்குறைய ஒரு மாதம், ஒன்றுவிட்டு ஒருநாள் ஏற்றிய மருந்து, இந்தக் குமிழி வடிவில் ஒரே தடவையோடு முடிந்தது. 2010இல் வெளியான பீகார் சோதனையில் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் ஆறு மாதம் கழித்தும் குணமாகவே இருந்தார்கள். 2023இல் வங்கதேசம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து காலா அசாரை அகற்றிய முதல் நாடாக அறிவிக்கப்பட்டதில் இந்த ஒற்றை டோஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது எல்எக்ஸ்இ408 என்ற மாத்திரை மனிதரில் சோதனையில் இருக்கிறது. கெட்டுப்போன புரதங்களை நறுக்கும் இயந்திரம் எல்லாச் செல்லிலும் உண்டு. ஒட்டுண்ணியின் இயந்திரத்தை மட்டும் இந்த மருந்து முடக்குகிறது. இரவல் வாங்காமல், இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்துக்காகவே தேடிக் கண்ட மூலக்கூறு.

எதிர்ப்பாற்றல் சிகிச்சையில் இன்னும் தூரம் இருக்கிறது. 1990இல் பிரேசிலில் ஆன்டிமனியோடு இன்டர்ஃபெரான் காமாவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆன்டிமனி மட்டும் பலிக்காத நோயாளிகள் சிலரும் தேறினார்கள். தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது போதவில்லை. இன்டர்லூகின்-10 அங்கே வாயை அடைத்துக்கொண்டிருந்தால் எப்படிப் போதும்?

என் நம்பிக்கை வேறு பக்கம் இருக்கிறது. மேற்காசியாவில் தலைமுறைகளாக ஒரு வழக்கம் இருந்தது. லீஷ்மேனியா தோல் புண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்து, குழந்தையின் துணி மறைக்கும் இடத்தில் கீறி வைப்பார்கள். முகத்தில் தழும்பு வரக்கூடாதே என்ற தாயின் கவலை அது. ஒரு புண் வந்து ஆறும், பிறகு வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு. 2020இல் அதையே ஆய்வகத்தில் செய்தார்கள். தோல் புண் உண்டாக்கும் லீஷ்மேனியாவிலிருந்து, செல் பிரிவதற்குத் தேவையான சென்ட்ரின் மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டியெடுத்துவிட்டார்கள். இந்த ஒட்டுண்ணி பெருவிழுங்கிக்குள் போகும், சில காலம் இருக்கும், ஆனால் பெருகாது, புண்ணும் வராது. அது அங்கே இருக்கும் அந்த நாட்களில் டி செல்கள் எந்த மடையைத் திறக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கின்றன. இதைப் போட்ட ஹாம்ஸ்டர் எலிகளை, காலா அசார் ஒட்டுண்ணி சுமந்த மணல் ஈக்கள் கடித்தன. எலிகள் பிழைத்தன.