ஊட்டிப் பறவை வேறு, கொடைக்கானல் பறவை வேறு

பெங்களூரிலிருந்து வார இறுதியில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெயரைச் சரியாகக் குறிக்கிறார்கள், உயரத்தைக் கோட்டை விடுகிறார்கள். வெப்பமண்டல மலைகளில் உயரம்தான் பாதி விஷயம்.

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர்கிறது. குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்குமான வித்தியாசமே அதைவிடப் பெரிது. அதனால் அங்குள்ள உயிர்கள் இரண்டையும் தாங்கப் பழகியவை. நம் பக்கம் ஆண்டு முழுக்க மலையடிவாரம் சூடாகவே இருக்கும், உச்சி குளிராகவே இருக்கும். குளிரிலேயே வாழ்ந்து பழகிய பறவைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு கடல் மாதிரி. வெப்பமண்டல மலைகள் உயிரினங்களைக் கூடுதலாகப் பிரித்துவைக்கும் என்று அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967-லேயே வாதிட்டார்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சிறு பறவையான சோலைக்கிளி, பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலேதான் இருக்கும். நீலகிரிக்கும் ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவே, சுமார் 30 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து கிடக்கிறது. வடக்கே உள்ளதற்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. தெற்கே பழனி மலையில் அது கிடையாது, வயிறு வெள்ளை. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்சிபிஎஸ்) ஆய்வாளர்களும் பங்கேற்று 2017-ல் வெளியான மரபணு ஆய்வு, இவற்றுக்கு ஷோலிகோலா என்று தனிப் பேரினமே கொடுத்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வதைப் புதிய இனமாகவும் அறிவித்தது. சோலைக்காட்டின் அரையிருட்டில் விலாவின் நிறம் பெரும்பாலும் தெரியாது. அப்போது எந்த மலை என்பதே உதவும்.

காலநிலை மாறும்போது பறவைகள் மேலே நகர்கின்றன. உச்சியில் இருப்பவை எங்கே போகும்? பெருவில் ஒரு மலைமுகட்டில் 1985-ல் எடுத்த கணக்கை 2017-ல் திரும்ப எடுத்தபோது, உச்சியை ஒட்டி வாழ்ந்த சில இனங்கள் கிடைக்கவே இல்லை. பழைய உயரக் குறிப்பு இருந்ததால்தான் அந்த ஒப்பீடே சாத்தியமானது.

இனி, பார்த்த பறவைகளை இ-பேர்ட் இணையதளத்தில் பதியும் நம் பட்டியலுக்கு வருவோம். மசினகுடி சுமார் 1,000 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. இரண்டுக்கும் இடையே உள்ள கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டால் சுமார் 7 டிகிரி வித்தியாசம் ஒரு வரைபடப் புள்ளிக்குள் அமுங்கிவிடும். நிறுத்தும் இடத்துக்கு ஒன்றாக, குறைந்தது 15 நிமிடம் நின்று தனித்தனிப் பட்டியல் போடுங்கள். இ-பேர்ட் உயரத்தைக் கேட்பதில்லை, வரைபடப் புள்ளியை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே புள்ளியைத் தங்கும் விடுதியில் வைக்காமல், பறவை இருந்த சரிவில் வையுங்கள்.

உயரத்தைக் குறிப்பில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சில செயலிகள் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடாமல், ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணித நீள்வட்டப் பரப்பிலிருந்து உயரத்தைக் காட்டும். தென்னிந்தியாவில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 80 முதல் 100 மீட்டர் வரை வித்தியாசம். சுமார் 920 மீட்டர் உயரமுள்ள பெங்களூரில் உங்கள் போன் 830-ஐ ஒட்டிக் காட்டினால் கோளாறு இதுதான். கிளம்பும் முன் ரயில் நிலைய மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அமைப்பில் கடல்மட்ட உயரத்துக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் செயலியின் பெயரையும் குறிப்பில் சேர்த்து எழுதுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்.