ரிலீஃப் வால்வில் கை வைக்காதீர்கள்: டிராக்டரில் பக்கெட் மாட்டுபவர்களுக்கு

மறுபடியும் ஒரு டிராக்டர் நடுவில் உடைந்து லாரியில் ஏறி வந்திருக்கிறது. 45 ஹெச்பி வண்டி. பின்னால் உள்ளூர்ப் பட்டறையில் அடித்து மாட்டிய ஜேசிபி பக்கெட். கிளட்ச் ஹவுசிங் குறுக்கே பிளந்து, இன்ஜின் ஒரு துண்டு, கியர் பாக்ஸ் ஒரு துண்டு. இயக்கிக்கொண்டிருந்த பையன் இடுப்பில் அடியோடு தப்பித்துவிட்டான். "வார்ப்புல கோளாறு இருக்கும்ங்க, கம்பெனில கேட்டா மாத்தித் தருவாங்களா?" என்கிறார் வண்டிக்காரர்.

ஹவுசிங்கின் உடைந்த பரப்பே பதில் சொல்கிறது. அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்துப் போயிருக்கிறது. அதற்கு மேலே சர்க்கரையை உடைத்த மாதிரி பளபளவென்று புதுச் சாம்பல் நிறம். கறுப்பு, பழைய விரிசல். சாம்பல், அன்றைக்கு உடைந்தது. பல வாரமாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. அதன் வழியே கசிந்த எண்ணெயை, சீல் போய்விட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பட்டறை ஹைட்ராலிக் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் சிலிண்டர், பம்ப், வால்வுதான் அன்றாட வேலை. ஆனால் கொஞ்ச காலமாக இந்த வீட்டுத் தயாரிப்பு பக்கெட்டுகள்தான் வாசலில் வரிசை கட்டுகின்றன. ஆசை நியாயமானதுதான். ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரத்துக்கு மேல். வரப்பு வெட்ட, வாய்க்கால் தூர்வார, தென்னங்குழி எடுக்க நம் வண்டியே போதுமே என்று தோன்றும். யூடியூபில் பார்த்தால் யாரோ ஒருவர் நாலு சிலிண்டரை மாட்டி ஜம்மென்று தோண்டுகிறார். அந்த வண்டி ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தது என்று எந்த வீடியோவிலும் வராது.

முதலில் மாட்டும் இடம். லாரிக்கு சேசிஸ் உண்டு. சாதாரண விவசாய டிராக்டருக்குக் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் என்று வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் அதன் முதுகெலும்பு. பின்னால் இருக்கும் மூன்று முனை லிங்கேஜ் கலப்பையை இழுக்கவும் தூக்கவும் செய்தது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி அழுத்தும்போது வண்டியின் பின்பக்கமே எழும்புகிறது. அப்போது மொத்த எடையும் அந்த வார்ப்பை நடுவில் வளைக்கப் பார்க்கும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. டிராக்டர் லிஃப்ட் மேலே தூக்கும். கீழே அழுத்திப் பிடிக்காது. கலப்பையைக் கையால் மேலே தள்ளினால் லிங்க் தளர்ந்து எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கெட் பாறையிலோ வேரிலோ மாட்டி, நீங்கள் லீவரை விடாமல் இழுத்தால், பின்னால் மாட்டிய மொத்த ஃபிரேமும் அப்படித்தான் எழும்பி முன்னால் மடங்கும். பக்கெட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது? டிராக்டர் சீட்டும் மட்கார்டும். இடையில் அவர். லீவரிலிருந்து கை எடுப்பதற்குள் முடிந்துவிடும். அந்தப் பையனின் இடுப்படி இந்த வகைதான்.

அதனால் லிங்கேஜில் மட்டும் மாட்டுவதாக இருந்தால் வேண்டாம். பின் ஆக்ஸிலில் பிடித்து, இரண்டு பக்கமும் சேனல் ஓட்டி, முன் ஆக்ஸில் பிராக்கெட் வரை கொண்டுபோய்ப் பூட்டும் சப் ஃபிரேம் வேண்டும். செலவு கூடும்தான். கிளட்ச் ஹவுசிங் விலையையும் இரண்டு மாதம் வண்டி நிற்கும் நஷ்டத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

இப்போது என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் வால்வைக் கழற்றினேன். பிரஷர் அளவைத் தாண்டினால் தானாகத் திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவதுதான் ரிலீஃப் வால்வு. ரிலீஃப் வால்வின் லாக் நட்டில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு சாதா வாஷர் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "மெதுவாப் போகுதுங்க, பவர் பத்தல, அதான் பிரஷர் ஏத்தினோம்." வருகிறவர்களில் பாதிப்பேர் இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே பொறுமையாக எழுதுகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

வேகம் வேறு, பிரஷர் வேறு. பக்கெட் எவ்வளவு வேகமாக நகரும் என்பது பம்ப் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. 80 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 600 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (ராடு நகரும் நீளம்) உள்ள சிலிண்டர் நிறைய 3 லிட்டர் எண்ணெய் வேண்டும். டிராக்டர் பம்ப் நிமிஷத்துக்கு 20 லிட்டர் தள்ளினால் ராடு முழுதாக வெளியே வர 9 விநாடி ஆகும். ரிலீஃப் வால்வை எவ்வளவு இறுக்கினாலும் அதே 9 விநாடிதான். ஒரே நேரத்தில் இரண்டு லீவரைப் பிடித்தால் இன்னும் தாமதமாகும். ஜேசிபியின் பம்ப் இதைப்போலப் பல மடங்கு தள்ளும், அதனால் அது சட்டென்று நகர்கிறது. வேகம் வேண்டுமென்றால் பம்பை மாற்ற வேண்டும். வாஷர் போட்டால் வராது.

சரி, பலமாவது கூடுமா? அதே சிலிண்டரில் 175 பார் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு) பிரஷருக்கே கிட்டத்தட்ட 9 டன் தள்ளுவிசை கிடைக்கிறது. உங்கள் டிராக்டரின் எடை 2 டன் சுமார். தோண்டும்போது தரையில் ஊன்றும் ஸ்டெபிலைசர் காலிலிருந்து 3 மீட்டர் தள்ளி பக்கெட் இருக்கிறது, வண்டியின் எடைமையம் காலுக்கு 1.8 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டை மேலே இழுக்கும் விசை 1,200 கிலோவைத் தாண்டினாலே முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அதற்கு மேல் எத்தனை டன் கொடுத்தாலும் மண் அசையாது, வண்டிதான் அசையும். ஜேசிபி ஏழரை டன் அளவுக்குக் கனமாக இருப்பது அழகுக்காக இல்லை. எடை இல்லாத இடத்தில் பிரஷரை ஏற்றினால் அந்த விசை பின்னையும் வெல்டிங்கையும் ஹோஸையும் கிளட்ச் ஹவுசிங்கையும் தேடிக்கொண்டு போகும்.

ரிலீஃப் வால்வு திறந்து சத்தம் போட்டால் அது பலவீனம் இல்லை, அதன் வேலையே அதுதான். பிரஷர் காட்டும் கேஜ் மாட்டாமல் யாரும் அந்த நட்டைத் தொடக் கூடாது. "காது கேட்டே செட் பண்ணிடுவேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

தொழில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிலிண்டரின் ராடு பக்கத்திலிருந்து எண்ணெய் திரும்பும் ஹோஸின் குயிக் கப்ளர் (இணைப்பு) முழுதாக உட்காராமல் அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் பிரஷர் தானாகப் பெருகும். 80 போர், 45 ராடுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேஜில் 175 காட்டும்போது ராடு பக்கம் 250ஐத் தாண்டியிருக்கும். சீல் ஏன் அடிக்கடி வெடிக்கிறது என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் கப்ளரைப் பாருங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரை இஞ்ச் ஹோஸில் ஆர்1 என்றால் 160 பார், ஆர்2 என்றால் 275 பார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மேலே அச்சடித்திருப்பதைப் படித்து ஆர்2 வாங்குங்கள். பின்னுக்கு எம்எஸ் (சாதா மைல்ட் ஸ்டீல்) ராடை வெட்டிப் போடாதீர்கள், அதைவிட உறுதியான ஈஎன்8 ஸ்டீல் கேளுங்கள். பூமில் (பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையில்) 7018 வெல்டிங் ராடால் பற்றவைப்பதாக இருந்தால் அந்த ராடை ஓவனில் காயவைத்துத்தான் வைக்க வேண்டும், மழையில் நனைந்த பாக்கெட் ஆகாது. தூக்கிய பூமுக்கு அடியில் யாரும் போகக் கூடாது; ஒரு ஹோஸ் போனால் அது அப்படியே விழும். பம்பை பி.டி.ஓ.வில் (டிராக்டர் இன்ஜின் சுற்றும் பின்பக்க ஷாஃப்டில்) ஓட்டுகிறீர்களா? 540 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 9 சுற்று. கவர் இல்லாத ஷாஃப்ட் பக்கத்தில் லுங்கியும் தோள் துண்டுமாக நிற்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பூமைத் தூக்கும் முன் தலைக்கு மேல் ஈபி கம்பி போகிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்.

கடைசியாக ஒன்று. இதைக் கோபத்தில் எழுதவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். ஹோஸில் எங்கே லீக் என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியாக 150, 200 பார் பிரஷரில் வரும் எண்ணெய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். க்ளவுஸ் போட்டிருந்தாலும் ஏறும். லீக்கைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். எந்த நட்டையும் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, எல்லா லீவரையும் இரண்டு பக்கமும் ஆட்டி உள்ளே தேங்கிய பிரஷரை இறக்கிவிடுங்கள்.

அப்படியும் குத்திவிட்டால் காயம் முள் குத்தியது போலத்தான் தெரியும். முதலில் பெரிதாக வலிக்காது. அங்கேதான் ஏமாறுகிறோம். மஞ்சள் வைத்து, டிடி ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். மறுநாள் விரல் கறுத்து வீங்கி, கடைசியில் எடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறது. இது மணிக்கணக்கில் முற்றும் காயம். பிதுக்காதீர்கள், கட்டிப்போட்டுக் காத்திருக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் எதுவும் சாப்பிடாமல், கை அறுவை சிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் 108ஐக் கூப்பிட்டு, அருகில் இந்த வசதி எங்கே என்று கேளுங்கள். அங்கே போனதும் "சின்னக் காயம்" என்று சொல்லாதீர்கள். "ஹை பிரஷர் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் குத்தியது என்று சொல்லுங்கள். என்ன ஆயில் என்று டாக்டர் கேட்பார், டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.